இங்கே அப்படி யாரும் இல்லை

மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்ததற்கு மறு வருடம், காஜா பேராங் வட்டாரத்தில் தன் வீட்டு வரிசையிலேயே முதல் தொலைபேசியை வைத்தவர் தம்பிராஜா. "அவசரம்னா நம்ம நம்பரைக் குடுங்க" என்று கண்டவரிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டதும் அவரேதான்.

இப்போது ராத்திரியானால் அது அலறியது. எடுத்தால் எக்ஸ்சேஞ்சுப் பெண், "கோலாலம்பூர் டிரங்க் கால். அஞ்சலை இருக்காங்களா?" என்பாள். அப்படி யாரும் இல்லையென்று டொக்கென்று வைத்துவிடுவார்.

கடைசியில் டெலிபோன் ஆபீசுக்கே போய் மேசையைத் தட்டினார். குமாஸ்தா அப்துல் சமது, "சரி முதலாளி, அந்தப் பேருக்கு வந்தா இனிமே நிறுத்திடச் சொல்றேன்" என்றார்.

ஜெயித்த மிதப்போடு வீடு திரும்பினால், பக்கத்து வீட்டுத் தோசைக்கார அக்கா வேலியோரம் நின்றிருந்தாள்.

"தம்பி, மகளுக்குக் கோலாலம்பூர்ல பிரசவ நேரம். மருமகன் உங்க நம்பருக்குத்தான் கூப்பிடறேன்னாரு. ஒண்ணும் வரலியா?"

தம்பிராஜா சைக்கிளிலிருந்து இறங்கினார். "அக்கா, உங்க பேரு என்ன?"

"அஞ்சலை. ஏன் தம்பி?"

அவர் சைக்கிளைத் திருப்பி ஆபீசுக்கே மிதித்தார்.

"நிறுத்த வேணாம் பாய். கூப்பிடறது பக்கத்து வீட்டு அக்காவோட மருமகன்."

"யாருமே இல்லைன்னீங்களே?"

"வருஷக்கணக்கா அவங்க தோசையத்தான் திங்கிறேன். பேரைக் கேட்டதில்ல, லா."

சமது சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும். "அவங்களைக் கூட்டிட்டு வாங்க. அவர் கூப்பிட்ட நம்பர் எக்ஸ்சேஞ்சுல இருக்கும், இங்கேருந்தே மருமகனைப் பிடிச்சுப் பேசவைக்கிறேன்" என்றார்.

கூட்டி வருவதென்றால் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். தம்பிராஜா வந்ததைவிட வேகமாக மிதித்து வீடு சேர்ந்தார். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, தலையை நிமிர்த்தாமலே கூப்பிட்டார்: "அஞ்சலை அக்கா."