முதலாளிக்குத் தெரியாமல்

"எழுதும்மா. உன் கையெழுத்துதான் முத்து முத்தா இருக்கும்" என்று சொல்லி அண்ணன் ஒரு வெள்ளைத்தாளைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தார். காற்றில் பறந்துவிடாமலிருக்கத் தன் கைப்பேசியை அதன்மேல் வைத்தார். தங்கை அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள், உட்காரவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் அவள் கணவன் ஆறிப்போன டீயைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அவன் இந்த அண்ணனின் டிரெய்லர் லாரிகளில் ஒன்றை ஓட்டுகிறவன். வீட்டில் அவனை 'மாப்ள, வாங்க' என்பார் அண்ணன். லாரி ஷெட்டில் 'ஏய் டிரைவர்' என்பார். இரண்டுக்கும் நடுவே ஒன்றரை மைல் தூரம்தான்.

என்ன எழுத வேண்டும் என்பது மூன்று பேருக்கும் தெரியும். 'முதலாளிக்குத் தெரியாமல் நானே என் சொந்த விருப்பத்தில் அதிகப் பாரம் ஏற்றிக்கொண்டேன்' என்று தொடங்கி, 'இதற்கு முழுப் பொறுப்பும் நானே' என்று முடியும். இதுவரை பதினொரு முறை டிரைவர்களுக்குத் தங்கை இதே கடிதத்தை எழுதிக் கொடுத்திருக்கிறாள். அவர்கள் கீழே கையெழுத்துப் போட்டார்கள், அவ்வளவுதான். அந்த டிரைவர்களுக்குச் சிமென்ட் மூட்டைமேல் அப்படியென்ன அடங்காத காதல், முதலாளிக்குத் தெரியாமல் நூறு மூட்டை, இருநூறு மூட்டை என்று ஏற்றிக்கொண்டு போக, என்று உலகத்தில் ஒருவரும் கேட்டதில்லை.

இது ஷெட்டின் சட்டம் இல்லை, வழக்கம். சட்டம் என்றால் எங்காவது எழுதியிருக்கும், யாராவது மீறவும் செய்யலாம். வழக்கத்துக்கு அந்தத் தொல்லை கிடையாது. வண்டியும் சரக்கும் சேர்த்து நாற்பது டன்னுக்கு மேல் போகக் கூடாது என்று டிரெய்லரின் பக்கவாட்டிலேயே பெயின்ட்டில் எழுதியிருக்கிறது. அண்ணன் அந்த எழுத்தின்மேல் சாய்ந்து நின்றுகொண்டு, "இன்னும் ரெண்டு வரிசை போடுப்பா" என்பார். வண்டி பிடிபட்டால் டிரைவர் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்வான். அண்ணன் அவனுக்கு ஒரு சட்டைத் துணி எடுத்துக் கொடுத்து, எல்லார் முன்னாலும் தோளில் தட்டி, 'விசுவாசம்னா இதுதான்' என்பார். மூன்றாவது முறை பிடிபட்டால் லைசென்ஸ் நிரந்தரமாகப் போய்விடும். லைசென்ஸ் இல்லாத டிரைவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவனை அனுப்பிவிடுவார். விசுவாசம் ஷெட்டிலேயே இருக்கும், ஆள் மட்டும் வெளியே போவான்.

தங்கையின் கணவனுக்கு ஏற்கெனவே இரண்டு முறை ஆகிவிட்டது, அந்தப் பதினொரு கடிதங்களில் இரண்டு அவனுடையவை. இது மூன்றாவது.

அவன் எப்படி இந்த ஸ்டியரிங்கில் வந்து உட்கார்ந்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஷெட் அண்ணன் தங்கையின் அப்பாவினுடையது. தங்கைக்குக் கல்யாணம் பேசும்போது அவள் பங்கு என்ன என்று யாரோ வாய்தவறிக் கேட்டுவிட்டார்கள். பெண்பிள்ளைக்கு எதற்கு லாரி, அவள் என்ன ஓட்டப் போகிறாளா என்று பெரியவர்கள் சிரித்தார்கள். பங்குக்குப் பதிலாக மாப்பிள்ளைக்கு ஒரு ஸ்டியரிங் கொடுப்பது என்று முடிவாயிற்று. அவள் ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். அதில் என்ன எழுதியிருந்தது என்று அவளுக்கு யாரும் படித்துக் காட்டவில்லை. வீட்டிலேயே அதிகம் படித்தவள் அவள்தான், படிக்கக் கேட்டிருக்கலாம். அண்ணன்மேல் சந்தேகப்பட்டதாக ஆகிவிடுமே என்று கேட்கவில்லை. இதற்காக அவள் பின்னால் தன்னைத்தானே பலமுறை திட்டிக்கொண்டதுண்டு.

இந்தக் கடிதத்துக்குக் காரணமானது இன்று காலை ஏழு மணிக்கு நடந்தது. பாலத்து இறக்கத்தில் அவன் பிரேக்கை மிதித்தான். ஐம்பத்து நான்கு டன் வண்டி, நிற்கலாமா வேண்டாமா என்று யோசித்தது. முன்னால் ஒரு பள்ளிக்கூட வேன். அதன் பின் கண்ணாடியில் ஒரு சின்னப்பெண் மூக்கை அழுத்திக்கொண்டு அவனைப் பார்த்து நாக்கைத் துருத்திக்கொண்டிருந்தாள். அவன் கியரை இறக்கி, சக்கரத்தை ஓரக் கட்டையில் உரசவிட்டு, ரப்பர் கருகும் வாடையோடு வேனுக்கு ஒரு கை தூரத்தில் வண்டியை நிறுத்தினான். அந்தப் பெண் நாக்கை உள்ளே இழுக்கவே இல்லை. அவனோ பத்து நிமிஷம் ஸ்டியரிங்கை விடவில்லை.

பிறகு அவன் செய்ததுதான் அந்தச் சாலையின் வரலாற்றிலேயே நடக்காதது. எல்லா டிரெய்லரும் எடைமேடை வருவதற்கு முன்பே பின்பக்கச் சந்தில் திரும்பிவிடும், அதிகாரி சந்திலேயே வந்து மறித்தால்தான் பிடிபடும். அவன் திரும்பவில்லை. நேராகப் போய் எடைமேடையில் வண்டியை ஏற்றி நிறுத்திவிட்டு ஹாரன் அடித்தான். வாயில் பிரஷ்ஷோடு ஒரு ஊழியர் வெளியே வந்து, வழி தெரியாமல் வந்துவிட்டீர்களா என்று பரிவோடு விசாரித்தார். எடை பார்க்கத்தான் வந்தேன் என்றதும் அவருக்குக் கை கால் ஓடவில்லை. இயந்திர அறையின் சாவியைத் தேடவே கால் மணி நேரம் பிடித்தது. பதினான்கு டன் அதிகம் என்று சீட்டு வந்தது. அதிகாரி வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, யார் ஏற்றியது என்று பகல் பன்னிரண்டுக்குள் எழுத்தில் கொண்டுவரச் சொன்னார்.

"எவனாவது தானா போய் எடைமேடைல ஏறுவானா மாப்ள?" என்றார் அண்ணன். ஆத்திரத்தைவிட வியப்புதான் அவர் குரலில் அதிகம் இருந்தது.

"வேன்ல பதிமூணு பிள்ளைங்க இருந்துச்சு மச்சான்."

"இடிக்கலல்ல?"

அவன் ஆறிய டீயைத் தள்ளி வைத்தான். தங்கை அண்ணனையே பார்த்தாள். லைசென்ஸ் போய்விட்டால் இவர் என்ன செய்வார் என்று கேட்டாள்.

"ஷெட்டு கேட்டைப் பாத்துக்கிட்டு உக்காரட்டும். உனக்குச் சோறு போடாமலா விட்டுடுவேன்?" என்றார் அண்ணன். அதை நிஜமான பாசத்தோடுதான் சொன்னார். அவரிடம் இருந்த தொந்தரவே அதுதான், பாசம் பொய்யில்லை.

தங்கை தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். எடைமேடைக்கே வந்து எழுதித் தருகிறேன் என்றாள். அண்ணனுக்கு உயிர் வந்தது.

எடைமேடை அலுவலகத்தில் ஒரு மேசை, ஓர் இரும்பு பீரோ, மேலே சத்தம் மட்டும் போடுகிற ஒரு மின்விசிறி. அதிகாரி பீரோவிலிருந்து ஒரு கோப்பை எடுத்துத் தூசியைத் தட்டி, பதினொரு கடிதங்களையும் மேசையில் வரிசையாகப் பரப்பினார். ஆறு வருஷமாக இந்த எழுத்தைப் பற்றித்தான் இங்கே பேச்சு, இவ்வளவு அழகாக எழுதுகிறவர் யார் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது என்றார்.

அண்ணனுக்குப் பெருமை பொங்கிவிட்டது. "என் தங்கச்சி எழுதினதுதான் சார். பதினொண்ணும் அவ கைதான். எங்க வீட்டுலயே படிச்சவ அவ ஒருத்திதான்."

அதிகாரி கடிதங்களிலிருந்து தலையை நிமிர்த்தினார். அண்ணனுக்கும் மின்விசிறிக்கும் மட்டும் விஷயம் புரியவில்லை. பதினொரு முறை டிரைவர்கள் முதலாளிக்குத் தெரியாமல் பாரம் ஏற்றியிருக்கிறார்கள், அதை எழுத ஒவ்வொரு முறையும் முதலாளியின் தங்கையைத் தேடி வந்திருக்கிறார்கள், அப்படித்தானே என்று அதிகாரி மெதுவாகக் கேட்டார். தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அண்ணனுக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"ஆறு வருஷமா ஒரே கைன்னு தெரிஞ்சும் நீங்க ஏன் சார் கேக்கல?" என்றாள் தங்கை.

அதிகாரி கோப்பின் நாடாவைச் சுருட்டினார், பிரித்தார். யாரும் வந்து புகார் கொடுக்கவில்லையே என்றார். பிறகு, தன் பதில் தனக்கே பிடிக்காதவர்போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் பையிலிருந்த தாளை எடுத்து அங்கேயே எழுதினாள். நாற்பது டன்னுக்கு மேல் ஏற்றச் சொன்னது என் அண்ணன், கணவன் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை, முன்னால் எழுதிய பதினொன்றும் அண்ணன் சொல்லி நான் எழுதிய பொய்கள் என்று எழுதினாள். இந்தமுறை எழுத்து அழகாக வரவில்லை.

அதிகாரி படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். மனைவி எழுதியது கணவனைக் காப்பாற்றாது, வண்டியின் முதலாளி தன் கையால் எழுதிக் கொடுத்தால்தான் டிரைவர் தப்பிப்பார், இல்லையென்றால் மாலைக்குள் லைசென்ஸை வாங்கி வைத்துவிட வேண்டியதுதான் என்றார். போன உயிர் அண்ணனுக்குத் திரும்பி வந்தது.

"நான் ஏன் சார் எழுதணும்? அதிகப் பாரத்தை இறக்கிட்டு நான் வண்டிய எடுத்துட்டுப் போறேன். மத்தது நீங்களாச்சு, அவராச்சு" என்றார். தங்கையிடம் திரும்பி, இனிமேல் தனக்கு ஒரு தங்கையே இல்லை என்றார்.

வெளியே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. டிரெய்லரின் தார்ப்பாய் நாற்பது டன்னுக்குள் அடங்கும் சரக்குக்கு அளவெடுத்துத் தைத்தது. மேலே இருந்த இருநூற்று எண்பது மூட்டைகளும் தலைக்கு ஒன்றும் இல்லாமல் நின்றன. ஒரு மழை பெய்தால் அத்தனையும் கல்லாகிவிடும். அண்ணன் எடைமேடைக் கொட்டகைக்கு ஓடி, அங்கே கூலிக்குச் சுமை தூக்குகிற ஆறு பேரையும் கூப்பிட்டார்.

அவர்களில் முன்னால் வந்தவருக்கு 'ஹாரன்' என்று பெயர், குரல் அப்படி. ஒரு காலத்தில் இதே ஷெட்டின் மூத்த டிரைவர். அவரைப் பார்த்ததும் தங்கைக்கு முகம் வெளுத்துவிட்டது. உள்ளே பரப்பியிருந்த கடிதங்களில் மூன்றாவது அவருடையது, அதோடு அவர் லைசென்ஸ் போயிருந்தது. அவர் அவளைப் பார்த்துத் தலையசைத்தார்.

"நீங்க எழுதின கடிதாசியைப் படிச்சுப் பாத்தேம்மா. எனக்கே நான்தான் தப்பு பண்ணேன்னு தோணிருச்சு. அவ்வளவு நல்லா எழுதியிருந்தீங்க."

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் அவளைக் கொன்றது. அவள் கணவன் அருகே வந்து, இன்று காலை வேனையும், பிரேக்கையும், இப்போது உள்ளே நடந்ததையும் ஹாரனிடம் சுருக்கமாகச் சொன்னான். ஹாரன் அண்ணாந்து மூட்டைகளைப் பார்த்தார், மேகத்தைப் பார்த்தார். பிறகு தோளிலிருந்த சாக்கைத் தரையில் விரித்து, சாவகாசமாக அதன்மேல் உட்கார்ந்தார். மற்ற ஐந்து பேரும் உட்கார்ந்தார்கள்.

"என்னப்பா உக்காந்துட்டீங்க? மழை வருது" என்றார் அண்ணன்.

"நாப்பதுக்கு மேல ஏத்தச் சொன்னது நான்தான்னு ஒரு வரி எழுதிக் குடுங்க முதலாளி. இறக்குறோம்."

அண்ணன் கத்திப் பார்த்தார். கூலியை இரட்டிப்பாகத் தருகிறேன் என்றார். பழைய விசுவாசத்தை நினைவுபடுத்தினார். ஹாரன் அதற்கு மட்டும் சிரித்தார். அதிகாரி வாசலுக்கு வந்து நின்றார், தலையிடவில்லை. முதல் துளி மேல்வரிசை மூட்டை ஒன்றில் விழுந்து, கறுப்பாக ஒரு வட்டம் போட்டது. அடுத்த துளி அண்ணனின் கன்னத்தில் விழுந்தது.

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். ஐந்து நிமிஷத்துக்கு முன் இல்லாமல் போன தங்கையிடம் அதை நீட்டினார். இத்தனை வருஷப் பழக்கம், கை தானாக அந்தப் பக்கம் போயிற்று.

அவள் வாங்கவில்லை. "நீயே எழுதுண்ணே."

"என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும்மா."

"பரவாயில்லண்ணே. உன் எழுத்தா இருந்தா போதும்."

அதிகாரி உள்ளே போய் ஒரு தாள் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணன் அதை டிரெய்லரின் மட்கார்டுமேல் வைத்து, நனையாமல் குனிந்து மறைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக எழுத ஆரம்பித்தார். ஒரு வரிதான். சாக்கில் உட்கார்ந்திருந்த ஆறு பேரும், வண்டியின் கதவில் சாய்ந்து நின்ற டிரைவரும் அவர் எழுதி முடிக்கட்டும் என்று காத்திருந்தார்கள். மழைதான் கொஞ்சம் அவசரப்பட்டது.