முழங்காலுக்கு ஒரு பாராட்டு விழா

முப்பத்திரண்டு வருடம் கழித்துத்தான் பள்ளிக்கூடத்துக்கு என் அக்காவின் ஞாபகம் வந்தது. கூடைப்பந்துக்கென்று புதிதாக உள்ளரங்கம் கட்டியிருந்தார்கள். வழுவழுவென்று மரத்தரை, மூன்று பக்கமும் நாற்காலி வரிசை, கண்ணைக் கூசவைக்கும் விளக்குகள். சுவர் மட்டும் மொட்டையாக நின்றது. அதில் மாட்ட ஒரு பழைய பெருமை வேண்டியிருந்தது. தேடியதில் அக்கா அகப்பட்டாள்.

அழைக்க வந்தவர் முன்னாள் மாணவர் சங்கத்தின் செயலாளர். டைல்ஸ் கடை வைத்திருப்பவர். உள்ளே வந்ததும் எங்கள் வீட்டுத் தரையைத்தான் முதலில் பார்த்தார், அப்புறம்தான் அக்காவை.

"மேடம், நீங்க நம்ம ஸ்கூலோட சிறுத்தை. உங்க பதினோராம் நம்பர் சட்டையை ஃப்ரேம் போட்டு மாட்டப் போறோம். இனிமே அந்த நம்பரை யாருக்கும் குடுக்க மாட்டோம்."

அந்தப் பள்ளியில் ஒருவரும் அக்காவைச் சிறுத்தை என்று கூப்பிட்டதில்லை. ஒட்டகம் என்றுதான் கூப்பிட்டார்கள். பதினாறு வயதில் ஆறடிக்கு இரண்டு விரல் குறைவாக வளர்ந்து நின்ற பெண்ணுக்கு அவர்களால் யோசிக்க முடிந்தது அவ்வளவுதான். அவள் எறிந்த பந்தெல்லாம் கூடைக்குள் விழத் தொடங்கியதும் அதே பெயரைச் செல்லமாகச் சொல்லப் பழகிக்கொண்டார்கள்.

"அந்தக் காலத்துப் பொருள் ஏதாவது இருந்தா குடுங்க மேடம். கண்ணாடி அலமாரியில வைக்கலாம்."

"ஒண்ணு இருக்கு. நானே எடுத்துட்டு வர்றேன்," என்றாள் அக்கா.

அக்கா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க, இப்ப விடுங்க" என்று ஒரு நாளைக்கு ஐம்பது தடவையாவது சொல்வாள். இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பாள்.

அந்தக் கால் போன கதையை எல்லோரும் பாதிதான் அறிவார்கள். அரையிறுதி ஆட்டத்தில் குதித்து இறங்கும்போது முழங்கால் திரும்பிக்கொண்டது. மறுநாள் இறுதி ஆட்டம். பயிற்சியாளர் அவளை அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். கழுத்தில் எந்நேரமும் விசில் தொங்கியதால் ஊருக்கே அவர் விசில் வாத்தியார். "வெறும் சுளுக்குதான்" என்று சொல்லி, மறுநாள் முழங்காலைச் சுற்றி இறுக்கிக் கட்டி ஆடவிட்டார். இருபத்தெட்டுப் புள்ளி எடுத்தாள். கடைசி நிமிடத்தில் விழுந்தாள், எழுந்திருக்கவில்லை. அணி கோப்பையோடு பஸ்ஸில் ஏறியது. அக்கா ஆம்புலன்ஸில் ஏறினாள்.

இரண்டு அறுவை சிகிச்சை. ஆட்டம் அத்தோடு சரி. பள்ளியிலிருந்து பார்க்க வந்தவர்களை எண்ண ஒரு விரல்கூட மடக்க வேண்டாம். வருகைப்பதிவு போதவில்லை என்று அந்த வருடப் பரீட்சையையும் எழுதவிடவில்லை.

விழாவன்று வாசலில் ஆளுயர பேனர். அதில் இருந்தது அக்கா இல்லை. அந்த இறுதி ஆட்டம் முழுக்கப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்த வேறொரு பெண். உயரமாக ஒருத்தி இருந்தால் போதும் என்று போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. சுவரில் தொங்கிய பதினோராம் எண் சட்டை, அக்காவின் தோள்வரைகூட ஏறாது. குள்ளச்சியான எனக்கு அளவெடுத்துத் தைத்தது போலிருந்தது.

மேடையில் நான்கு பேர் பேசினார்கள். ஒருவர் அக்கா வலைக்கு மேலே எழும்பி அடித்த அடியைப் புகழ்ந்தார். அவர் வாலிபால் விழாவுக்குத் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். கைதட்டலுக்குக் குறைவில்லை.

கடைசியாக விசில் வாத்தியார் எழுந்தார். எழுபது தாண்டியும் வெள்ளை டிராக் சூட், கழுத்தில் அதே விசில்.

"டாக்டரே ஒண்ணுமில்லன்னுதான் சொன்னார்," என்று தழுதழுத்தார். "ஆனாலும் நான் உட்காரும்மான்னேன். இவதான் என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. 'சார், கால் போனாலும் பரவால்ல, நமக்குக் கப் வேணும்'னா. அப்படிப்பட்ட புள்ளைங்க இப்ப எங்க இருக்காங்க?"

முன்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா நிதானமாக எழுந்து மைக்கைக் கையில் வாங்கினாள். பையிலிருந்து பழுப்பேறிய பெரிய கவர் ஒன்றை எடுத்து, உள்ளிருந்த எக்ஸ்ரே படத்தை விளக்குக்கு நேராகப் பிடித்தாள்.

"இது என்னோட முழங்கால். இந்த ஓரத்துல எலும்பு சில்லு பேந்திருக்கு பாருங்க. தேதி, ஃபைனலுக்கு முந்தின நாள். கவர் மேல டாக்டர் எழுதினதைப் படிக்கிறேன். 'ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது. விளையாடவே கூடாது.' கீழ 'பெற்றுக்கொண்டேன்'னு சார் கையெழுத்து. இதை என் பையில டவலுக்கு அடியில சொருகி வச்சிருந்தார். ரெண்டாவது ஆபரேஷன் முடிஞ்சுதான் எங்க கண்ணுல பட்டுச்சு. அப்பா இதை எடுத்துக்கிட்டு இங்க வந்தார். ஜெயிச்ச கப்பைக் கொச்சைப்படுத்தாதீங்கன்னு ஹெட்மாஸ்டர் திருப்பி அனுப்பிட்டார்."

படத்தைக் கீழே இறக்கினாள்.

"நான் கப் வேணும்னு அழலை. வலிக்குதுன்னுதான் அழுதேன்."

விசில் வாத்தியாருக்கு முகம் சிவந்தது. பக்கத்து மைக்கைப் பிடுங்கினார்.

"அந்தக் காலத்து டாக்டர்ங்க எல்லாத்துக்கும் அப்படித்தாம்மா எழுதுவாங்க! அதையெல்லாம் பாத்தா யாராவது ஆட முடியுமா?"

ஐந்து நிமிடம் முன்பு, ஒன்றுமில்லை என்று டாக்டரே சொன்னதாகச் சொன்னீர்களே, அந்த டாக்டரா இப்படி எழுதினார் என்று பின்வரிசையில் யாரோ சத்தமாகவே கேட்டார்கள். ஒரு சிரிப்பு கிளம்பியது. அது வரிசை வரிசையாக முன்னால் வந்தது. செயலாளர் பாய்ந்து வந்து, "அடுத்ததாக டீ, பிஸ்கட்!" என்று அறிவித்தார். அன்று அவர் பேசியதில் உண்மையான வார்த்தை அது ஒன்றுதான். கூட்டம் கலைந்து டீயை நோக்கிப் போனது.

பேனரில் இருந்த பெண் அக்காவிடம் வந்தாள். "எங்களுக்கு அன்னிக்கே தெரியும்டி. கட்டுப் போடும்போது நீ கத்தினது வெளிய கேட்டுச்சு," என்றாள், ஏதோ ஆறுதல் சொல்வதுபோல.

"நீ வெளிய நின்னது எனக்கும் தெரியும்," என்றாள் அக்கா.

திரும்பும்போது பஸ்ஸில் நான்தான் குதித்துக்கொண்டிருந்தேன். "அந்த ஆளைப் பாத்தா உனக்குக் கோபமே வரலையாக்கா?"

"கடைசியில பாவமா இருந்துச்சு," என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பினாள். அடுத்த நிறுத்தம் வருவதற்குள் மறுபடியும் என் பக்கம் திரும்பினாள். "இல்லடி, உன்கிட்ட எதுக்குப் பொய்? நல்லா இருந்துச்சு. ரொம்ப நல்லா இருந்துச்சு."

பத்து நாள் கழித்துச் செயலாளர் போன் செய்தார். எக்ஸ்ரே படத்தை அக்கா அவர்களுடைய கண்ணாடி அலமாரியிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள்.

"மேடம், அது வெளிச்சம் பட்டா கெட்டுப்போயிடுமாம். திருப்பி அனுப்பிடட்டுமா?"

"கெடாது சார். இருபத்தஞ்சு வருஷமா எக்ஸ்ரே எடுக்கிறேன், எனக்குத் தெரியாதா?"

அவர் வேறு வழியில் வந்தார். அரங்கத்துக்கு விசில் வாத்தியார் பெயர் வைப்பதாக இருந்தார்களாம். வாசலில் பதிக்கப் பளிங்குக் கல்கூடத் தயாராம். இப்போது நிர்வாகத்தில் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்களாம். அக்கா மனது வைத்தால் நல்லபடியாக முடியுமாம்.

"கல்லை எதுக்கு சார் வீணாக்கணும்?" என்றாள் அக்கா. "பின்பக்கம் காலியாத்தானே இருக்கும்? 'செருப்பை வெளியே விடவும்'னு எழுதி வச்சிடுங்க."

சொல்லிவிட்டுப் போனை என்னிடம் நீட்டினாள். அவளுக்கு டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.