மிதக்கும் மேடை வரை

வெட்சூட் என்கிற ரப்பர் நீச்சல் உடையை முன்பின்னாகப் போட்டுக்கொண்டு அவன் உடைமாற்றும் அறையிலிருந்து வெளியே வந்தபோது, கரையில் உட்கார்ந்திருந்த மைத்துனன் சத்தம் வராமல் சிரித்தான். ஜிப் நெஞ்சுப் பக்கம் இருந்தது. அதற்குள் நுழையவே பாதி உயிர் போயிருந்தது.

"அத்தான், இது சட்டை இல்ல. ஜிப் முதுகுக்குப் போகணும்."

இருவரும் சேர்ந்து இழுத்துக் கழற்றித் திரும்பப் போட்டார்கள். ஏரித் தண்ணீர் கோடையிலும் எலும்பைத் தொடும் என்பதால் அந்த ரப்பர் உடை இல்லாமல் முடியாது. அது மைத்துனனின் பழைய உடை. மைத்துனன் என்றால் இறந்துபோன மனைவியின் தம்பி. வாரநாட்களில் டயர் கடை, ஞாயிற்றுக்கிழமை இந்த ஏரியில் நீச்சல் வகுப்பு எடுப்பது.

அவன் நீச்சல் படிக்க வந்தது உடம்புக்காக அல்ல, மகளுக்காக. மனைவி இறந்த மறுவாரம், "ஒரு மாசம் உங்ககிட்ட இருக்கட்டும் அத்தை" என்று குழந்தையை மாமியார் வீட்டில் விட்டது அவன்தான். யாரும் கேட்கவில்லை, யாரும் பிடுங்கிக்கொள்ளவில்லை. அவனே கவுன்களை மடித்துப் பையில் வைத்தான், அவனே பஸ் ஏற்றிக் கூட்டிவந்தான். ஒரு மாசம் இரண்டு வருஷமாக நீண்டது. தினமும் பேசிய போன் வாரத்துக்கு ஒன்றானது. சாப்பிட்டியா, சாப்பிட்டேன், அவ்வளவுதான் பேச்சு. இதற்கிடையில் அவள் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றாள், முன்பல் விழுந்து முளைத்தது, மாமனோடு ஏரியில் இறங்கி மீனாகிவிட்டாள். எல்லாமே அவனுக்குச் செய்தியாகத்தான் வந்து சேர்ந்தது.

இப்போது பள்ளி திறப்பதற்குள் அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று தோன்றியது. மாமியார் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. "அவளையே கேளுங்க மாப்பிள்ளை. வரேன்னா பெட்டிய நானே கட்டித் தரேன்" என்றாள்.

கேட்பதுதான் பெரும்பாடாக இருந்தது. மாமியார் வீட்டில் மகள் அவனிடம் விருந்தாளியிடம் போல நடந்துகொண்டாள். தண்ணீர் கொண்டுவந்து தந்தாள், ஃபேன் போட்டாள், அறைக்குள் போய்விட்டாள். முன்பு வாப்பா, போப்பா என்று தோளில் தொங்கியவள் இப்போது வாங்கப்பா என்றாள். ஏரி நடுவே ஒரு மிதக்கும் மேடை உண்டு, அங்கே போய் உட்கார்ந்தால் அவள் வாய் ஓயாது என்று மைத்துனன்தான் சொன்னான். ஆனால் அங்கே நடந்து போக முடியாதே.

முதல் நாள் தண்ணீருக்குள் இறங்கியதும் உடையின் கழுத்துப் பட்டை தொண்டையைப் பிடித்தது, நெஞ்சை யாரோ கட்டிப்போட்ட மாதிரி இருந்தது. கரைக்கே திரும்பினான். பட்டையை விரலால் இழுத்துக் கொஞ்சம் தண்ணீரை உள்ளே விடச் சொன்னான் மைத்துனன். குளிர் சுரீரென்று முதுகில் இறங்கியது, பிறகு அதுவே வெதுவெதுப்பாகி இறுக்கம் தளர்ந்தது. காலை உதைத்துச் சாகாதீங்க, உடையே காலைத் தூக்கிப் பிடிக்கும் என்று அடுத்த பாடம். அது உண்மைதான். கால் தானே மிதந்தது. மூச்சுதான் வழிக்கு வரவில்லை. தலையை முழுசாக வெளியே தூக்கினான், உடனே இடுப்பு இறங்கியது.

"என்ன அத்தான், பஸ் வருதான்னு பாக்குறீங்களா? உடம்போட சேந்து முகம் திரும்பட்டும். ஒரு கண்ணு தண்ணிலயே இருக்கலாம்."

அதையும் பழகினான். ஆனாலும் பத்துக் கை வீசுவதற்குள் மூச்சு முட்டியது. மைத்துனன் பக்கத்தில் முங்கிப் பார்த்துவிட்டுக் கண்டுபிடித்தான். அத்தான் தண்ணீருக்குள் மூச்சை விடவே இல்லை. உள்ளே பிடித்துவைத்துக்கொண்டு, மேலே வந்தும் இன்னும் இழுக்கப் பார்த்தான். நிறைந்த குடத்தில் எங்கே ஊற்றுவது?

அவன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன். நாள் முழுக்க, நல்லா இழுங்க, அப்படியே பிடிங்க என்று சொல்வதுதான் வேலை. மனைவி போன புதிதில் ஒருமுறை பட்டனை அழுத்திவிட்டு, விடலாம் என்று சொல்ல மறந்து நின்றுவிட்டான். உள்ளே ஒரு பெரியவர் முகம் சிவக்கக் காத்திருந்து, கடைசியில் கையைத் தட்டிக் கூப்பிட்டார்.

இதை அவன் சொன்னபோது மைத்துனன் சிரிக்கவில்லை. "அப்ப தண்ணிக்குள்ள நானே சொல்றேன். விடுங்க, விடுங்கன்னு" என்றான். கழுத்தளவு தண்ணீரில் நின்று, முகத்தை அமிழ்த்திக் குமிழியாக விடுவது மட்டும்தான் அடுத்த இரண்டு ஞாயிறும். குமிழி காதோரம் கொப்பளித்துப் போனது. முழுசாக விட்டபின் காற்று தானே உள்ளே வந்தது, இழுக்க வேண்டியிருக்கவில்லை.

பள்ளி திறப்பதற்கு முந்தைய ஞாயிறு அவன் மேடையைத் தொட்டான். மகள் முன்னே போய் ஏணியில் உட்கார்ந்திருந்தாள். மைத்துனன் தள்ளியே மிதந்தான்.

சொன்னபடியே அவள் வாய் ஓயவில்லை. பென்சில் தின்னும் தோழி, டயருக்குள் தூங்கும் பூனை, பாட்டி குறட்டை விட்டுவிட்டு இல்லவே இல்லை என்று சாதிப்பது. இத்தனை பேச்சும் இத்தனை நாள் எங்கே இருந்தது என்று அவன் நினைத்தான். எங்கேயும் போகவில்லை, கேட்கத்தான் அவன் இல்லை.

"ஸ்கூல் திறக்கறதுக்குள்ள நம்ம வீட்டுக்குப் போயிடலாமா?"

காலால் தண்ணீரை அளைந்துகொண்டிருந்தவள் நிறுத்தினாள். "நம்ம வீடுன்னா... உங்க வீடா?"

"ஆமா. நீ பொறந்த வீடு."

அவள் கரையைப் பார்த்தாள். அங்கே மாமியார் துண்டுகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகள் யோசித்துவிட்டு, அவன் முழங்காலை மெல்லத் தட்டிக் கொடுத்தாள். தட்டிய விதம் பெரியவர்களுடையது.

"அடுத்த லீவுக்கு வரேன்பா. கண்டிப்பா வரேன். தப்பா நெனச்சுக்காதீங்க."

அவன் சரி என்றான். கொண்டுவந்து விட்டவன் அவன். குழந்தைகள் விட்ட இடத்தில் சும்மா காத்து நிற்பதில்லை, வேர் பிடித்துவிடுகிறார்கள்.

திரும்பும்போது அவள் அவன் இடப்பக்கமாக நீந்தினாள். கரை வரும்வரை அவன் அந்தப் பக்கமே மூச்செடுத்தான். ஒவ்வொரு தடவையும் ஒரு சின்னக் கை வெளியே வந்து போனது. அதைத் தவறவிடக் கூடாது என்பது தவிர வேறு நினைப்பில்லை.

கரையில் மாமியார் குழந்தையைத் துண்டால் சுற்றி அனுப்பிவிட்டு அவனிடம் வந்தாள்.

"என்ன சொன்னா?"

"அடுத்த லீவுக்கு வரேங்கறா."

அவள் முகத்தில் நிம்மதி தெரியும் என்று எதிர்பார்த்தான். தெரியவில்லை.

"ஒரு மாசம் முடிஞ்சப்பவே நீங்க வந்திருக்கணும் மாப்பிள்ளை. நானாச்சும் கூப்பிட்டுச் சொல்லியிருக்கணும். ரெண்டு பேரும் சும்மா இருந்துட்டோம்."

அவன் துண்டை வாங்கி முகத்தைத் துடைத்தான். பிறகு கேட்டான்:

"லீவு எப்ப விடுவாங்க அத்தை?"

மாமியார் யோசிக்கவே இல்லை. என்றைக்குத் தொடங்குகிறது, எத்தனை நாள், எந்த வெள்ளிக்கிழமை மதியத்தோடு பள்ளி விடுகிறார்கள், எல்லாம் சொன்னாள். அவன் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.