சிக்னலில் உருகும் கேக்

சுந்தராபுரம் சிக்னலில் கார் நின்றதும் ஏசி மறுபடியும் அனலைக் கக்கியது. சண்முகப்பிரியா பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தாள். மூன்றடுக்கு கேக்கின் ஓரத்தில், வெண்ணெய்க் கிரீமில் அவள் பிழிந்த ரோஜா ஒன்று அரை விரல் கீழே இறங்கியிருந்தது. பொள்ளாச்சியில் வீட்டிலேயே கேக் செய்கிறவளுக்குக் கோயம்புத்தூரிலிருந்து வந்த முதல் ஆர்டர். ஐந்து மணிக்கு மண்டபத்தில் குழந்தையின் பிறந்தநாள். இப்போது நாலேகால்.

“போன வாரம்தான கேஸ் ரொப்புனேன்,” என்றான் அவள் கணவன் கிருபாசங்கர், பொத்தானை ஏழாவது தடவையாக அணைத்துப் போட்டபடி. “மெக்கானிக் ஏமாத்திப்போட்டான்.”

“கேஸே இல்லீன்னா ஓடறப்ப எப்படிங்க குளுருது? கிணத்துக்கடவு தாண்டி வாரப்ப கை சில்லுன்னு போச்சு. நின்னாத்தான் சுடுது.”

“அப்ப கம்ப்ரசரு வீக்கு.”

“சிக்னலுக்குச் சிக்னல் ஒண்ணு சொல்லாதீங்க. ஓரங்கட்டுங்க, பாத்துப்போடலாம்.”

ஏசி குளிரைப் புதிதாகச் செய்வதில்லை. உள்ளே இருக்கும் சூட்டை அள்ளிக்கொண்டு போய், முன்பக்கம் இருக்கும் கண்டென்சர் வழியாக வெளியே விடுகிறது, அவ்வளவுதான். கார் ஓடும்போது எதிர்க்காற்று அந்தச் சூட்டை அடித்துக்கொண்டு போய்விடும். நின்றுவிட்டாலோ, எல்லா வேலையும் ஒரே ஒரு விசிறியின் தலையில் விழும். ஃபிரிட்ஜைச் சுவரோடு ஒட்டி வைத்து, அதன் சூடு வெளியேற வழியில்லாமல் எட்டுக் கிலோ வெண்ணெயைப் பாழாக்கிய நாளில் சண்முகப்பிரியா இதைக் கற்றிருந்தாள்.

பானெட்டைத் திறந்தார்கள். விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அவள் ஆர்டர் எழுதிய காகிதத்தை முன்பக்கக் கிரில்லின் மேல் வைத்தாள். விசிறி காற்றை இழுத்தால் காகிதம் ஒட்டிக்கொள்ள வேண்டும். அது சாலையில் விழுந்தது.

“நடுவுல என்னமோ அடைச்சிருக்குதுங்க.” செல்போன் வெளிச்சத்தில் உள்ளே பழுப்புக் கம்பளி மாதிரி ஒன்று தெரிந்தது.

கிருபாசங்கர் தொண்டையைச் செருமினான். “அது கொசுவலை. நாந்தான் கட்டுனேன். நாரு மில்லுல வண்டி நிக்குதில்ல, தூளு உள்ள போயிருமேன்னு...”

“எப்பங்க?”

“தை மாசம்.”

“இத வெச்சுக்கிட்டா அந்த மெக்கானிக்க வஞ்சீங்க?”

அவன் எஞ்சினை அணைத்தான். அவள் கேக் கத்தியாலேயே கட்டுகளை அறுத்து வலையை உருவினாள். நான்கு மாதத் தென்னை நார்த்தூள் மெத்தையாகப் படிந்து கூடவே வந்தது. எஞ்சினைப் போட்டு, காகிதத்தைக் கிரில்லின் மேல் மறுபடியும் வைத்தாள். சப்பென்று ஒட்டிக்கொண்டது.

மண்டபத்தின் வாசலில் நிறுத்தியபோது நாலே முக்கால். கார் நின்றும் காற்று சில்லென்றே வந்தது. ஆனால் இறங்கிய ரோஜாவோடு பக்கத்திலிருந்த இரண்டும் சாய்ந்திருந்தன. கிரீம் இறுகினால்தான் அவற்றை வழித்துவிட்டு, கூடக் கொண்டுவந்த கிரீமில் வேறு பிழிய முடியும். மண்டபத்திலிருந்து மூன்றாவது அழைப்பு வந்தது. போனைக் கணவன் கையில் கொடுத்தாள்.

“நீங்க வெளிய நின்னு பேசுங்க. பத்து நிமிஷம் ஆகும்னு சொல்லுங்க. நாஞ் சொல்ற வரைக்கும் கதவத் தொறக்காதீங்க, குளுரு போயிரும்.”

கிருபாசங்கர் வெயிலில் இறங்கிக் கதவை மெதுவாகச் சாத்தினான். “வந்துட்டோமுங்க,” என்று அவன் போனில் சொல்வது கண்ணாடி வழியே மங்கலாகக் கேட்டது. அவள் பின் சீட்டுக்கு மாறி, கிரீமை விரல்நுனியால் தொட்டுப் பார்த்தாள். இன்னும் இறுகவில்லை.