ஒரு டிகிரி ஏறவில்லை

கல்லூரியில் இயற்பியல் நடத்தும் கிளைட்டனுக்கு, திண்மம் திரவமாக மாறும் கதை என்றால் சோறு தண்ணி வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மச்சானின் வள்ளத்தில் கிடைத்த பாறை மீனை ஐஸ் போட்டுத் தெர்மோகோல் பெட்டியில் அடைத்து, பெரியதாழை மாமியார் வீட்டுக்குக் காரில் கிளம்பினான். பெட்டிக்குள் ஒரு வெப்பமானியையும் செருகிக்கொண்டான்.

வழியில் சாயர்புரத்தில் காரை வெயிலில் போட்டுவிட்டு, நண்பனிடம் ஒரு மணி நேரம் கதையளந்தான்.

“இன்னும் கொஞ்சம் ஐஸ் வாங்கிப் போடுவமா?” என்று கேட்டாள் மனைவி எமில்டா.

“எதுக்கு? கிளம்பும்போதும் ஜீரோ, இப்பவும் ஜீரோ. ஒரு டிகிரி ஏறலையே!”

ஊர் போய்ச் சேர்ந்து மூடியைத் திறந்தால், மீன் தண்ணீரில் கிடந்தது. ஐஸ் என்று சொல்ல நகத்தளவு சில்லு ஒன்றுதான் மிச்சம். வெப்பமானி அப்போதும் ஜீரோவில்தான் நின்றது.

“கடைசிச் சில்லு கரையுத வரைக்கும் டிகிரி ஏறாது, போற சூடெல்லாம் ஐஸை உருக்கத்தான் போவும்னு வருஷா வருஷம் பாடம் நடத்துதது நீங்கதான?” என்றாள் எமில்டா.

கிளைட்டன் அசடு வழிந்தான். “நல்லவேளை, உனக்குக் கோவம் வரல.”

எமில்டா சிரித்தாள். “பன்னெண்டு வருஷமா எம் மூஞ்சியையும் இப்படித்தான் பாத்துக்கிட்டு இருக்கிய. உள்ள எத்தனை சில்லு மிச்சம் இருக்குன்னு என்னைக்காவது மூடியத் திறந்து பாத்தியளா?”

யாரும் சொல்லாமலேயே ஐஸ் வாங்கக் கிளம்பினான் கிளைட்டன்.