பேர் சொல்லிக் கூப்பிடும் இடம்

மாசியில் றப்பர் மரம் இலை கொட்டும். மலை முழுக்க மொட்டையாக நிற்கிற அந்த நாலைந்து வாரமும் எங்களுக்குப் பால் வெட்டு இல்லை. கலியாணம், காதுகுத்து, கோயில் எல்லாவற்றையும் தோட்டத்து ஆட்கள் அப்போதுதான் வைத்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் அந்த மாதம் வந்தால் ஒரே பேச்சுத்தான். ருவன்வெல்லைக்குப் போவது.

ருவன்வெல்லையில் பழைய கோட்டை ஒன்று இருந்ததாம். இப்போது வாசலும் கொஞ்சம் சுவரும்தான் மிச்சம். தள்ளிப் போனால் ஆறு. தொண்ணூற்று மூன்றில், இலை கொட்டுகிற இதே நாளில், நானும் என் தம்பி நாகலிங்கமும் அங்கே மணல் அள்ளும் வேலைக்குப் போனோம். திரும்பி வந்தது நான் மட்டும்.

"தம்பி குளிக்க எறங்கினான். சுழியில போய்ட்டான். என் கண்ணால பாத்தேன்" என்று பொலிசில் சொன்னேன். இரண்டு நாள் ஆற்றில் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை.

நான் பார்க்கவில்லை. சோறு தின்றுவிட்டுக் கோட்டைச் சுவர் நிழலில் தூங்கிப்போனேன். விழித்தபோது அவன் இல்லை. கழற்றி வைத்த சட்டையும் இல்லை. குளிக்கப் போகிறவன் சட்டையைப் போட்டுக்கொண்டா போவான்? இருட்டும் வரை கரையில் அலைந்தேன். அந்தக் காலத்தில் முப்பத்தைந்து வயதுத் தமிழன் காணாமல் போனான் என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று எனக்குத் தெரியும். வடக்கே இயக்கத்துக்குப் போய்விட்டானா, யார் கூட்டிப் போனது, லயத்து வரிசை வீடுகளில் இன்னும் யார் யார் என்று வருவார்கள். பக்கத்துத் தோட்டத்தில் அப்படி ஒரு வீட்டுக்கு வந்து மூன்று பேரை ஏற்றிக்கொண்டு போனார்கள். செத்துவிட்டான் என்றால் கேள்வி இல்லை. அதனால் சொன்னேன்.

தண்ணீரில் போனவர்களுக்கு எங்கள் ஆட்களிடம் ஒரு முறை உண்டு. மூச்சுப் போன இடத்துக்கே பெண்சாதி போக வேண்டும். புருஷன் பேரைச் சொல்லி மூன்று தரம் கூப்பிட்டு, அந்தத் தண்ணீரில் ஒரு கல் எடுத்து வர வேண்டும். அந்தக் கல்லுக்குத்தான் கருமாதி. இடம் மாறினால் வேறு ஏதாவது கூட வந்துவிடும் என்பார்கள்.

இடத்தைக் காட்ட வேண்டியவன் நான்.

ஆறு வருஷம் தள்ளிப்போட்டேன். ஒரு வருஷம் காய்ச்சல் என்றேன். ஒரு வருஷம் எலக்ஷன், இன்னொரு வருஷம் கொழும்பில் குண்டு, ரோட்டில் செக்கிங் என்றேன். தம்பி பெண்சாதி விஜயகலா ஒவ்வொரு தரமும், "சரி மாமா, அடுத்த எலவுதிர்வுக்குப் போவம்" என்று சொல்லிவிட்டுப் போவாள்.

ஆனால் வெறும் மலையில் விறகு பொறுக்கப் போனால் எனக்குப் பின்னால் சருகு மிதிபடும். நின்றால் நிற்கும். நடந்தால் நடக்கும். என் பெண்சாதி மீனாம்பாளிடம் சொன்னேன். "கூட்டிட்டு வந்து கருமாதி செஞ்சா அடங்கிரும், அத செய்யாம இருக்கிறீங்களே" என்றாள். அவன் செத்திருந்தால் எனக்கு அவ்வளவு பயம் இருந்திருக்காது என்று அவளிடம் சொல்ல முடியுமா?

இந்த வருஷம் தட்ட முடியவில்லை. தம்பி மகள் லோஜினிக்கு ஓப்பநாயக்கப் பக்கம் மாப்பிள்ளை பேசியாயிற்று. மாப்பிள்ளையின் தகப்பன் கருமாதி செய்யாத வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். கல்லை எடுத்து வந்து காரியத்தை முடித்தால்தான் தாலி.

கடைவீதியில் மஷூர் நானாவிடம் வேன் பேசப் போனோம், நானும் விஜயகலாவும்.

"எங்க போகோணும்?"

"ருவன்வெல்லைக்கு, நானா. கோட்டைப் பக்கம்."

"கோட்ட பாக்கவா? அதுல என்ன ஈக்கி, ஒரு வாசலும் கொஞ்சம் சுவரும்தான். கன்னையாக்கு ராசா ஆக ஆசையோ?" என்று என்னைப் பார்த்தார்.

விஜயகலா சிரித்தாள். ஏழு வருஷத்தில் அவள் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. "இவரு ராசான்னா நானா யாரு, மந்திரியா?"

"நான் தேரோட்டி, புள்ள. விடிய ஆறு மணிக்கு வாரன். பொலிசுக்குக் காட்டப் பேரெல்லாம் எழுதி எடுத்துக்கோங்க. ஐடி முக்கியம்."

வரும் வழியில் அவள் எல்லாவற்றையும் கேட்டாள். ஆற்றுக்கு எந்தப் பக்கமாக இறங்க வேண்டும், பாறையா மணலா, மதியத்தில் நிழல் எந்தப் பக்கம் விழும், அவர் இறங்கினபோது எந்தப் பக்கம் பார்த்து இறங்கினார். நான் சொன்னேன். எல்லாமே சொன்னேன். சொல்லச் சொல்ல ஒரு பாறை உண்டானது, அதற்குப் பக்கத்தில் ஒரு கும்புக் மரம் உண்டானது. நானே நம்புகிற மாதிரி இருந்தது.

போவதற்கு முதல் நாள் பின்னேரம். லயத்தில் என் ஒற்றை அறைக் காம்பிராவுக்கும் அவள் காம்பிராவுக்கும் நடுவில் ஒரே சுவர். கூரைக்குக் கீழே அது முழுதாக மூடாது. பாயில் சாய்ந்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கத்தில் மெதுவாக ஒரு சத்தம் கேட்டது.

"நாகலிங்கம்."

பாயில் எழுந்து உட்கார்ந்தேன்.  மறுபடியும், இன்னும் மெதுவாக.

"நாக... நாகலிங்கம்."

அவள்தான். கட்டி வந்த நாள் முதல் புருஷன் பேரை வாயால் சொல்லாதவள். பேர் பதிகிற இடத்தில்கூட லோஜினியைச் சொல்ல வைப்பாள். நாளைக்கு ஆற்றங்கரையில் நாக்குத் தடுமாறக் கூடாது என்று சொல்லிப் பழகுகிறாள். நான் உண்டாக்கிய பாறையில் நின்று, நான் உண்டாக்கிய மரத்தடியில் அவனைச் செத்தவனாகக் கூப்பிடுவதற்கு.

எழுந்து அவள் வாசலுக்குப் போனேன். கையில் பேர் லிஸ்ட் இருந்தது. ஆறு பேர்: நான், மீனாம்பாள், விஜயகலா, லோஜினி, அவள் தம்பி நிரோஷன், காரியம் செய்கிற இராமையா பண்டாரம். படிக்கத் தொடங்கியதே நாற்பதுக்கு மேல் என்பதால் ஆறு பேரை எழுத எனக்கு அரை மணித்தியாலம் போயிருந்தது.

"எழுதிட்டீங்களா மாமா?"

"கலா, அவன் ஆத்துல போனத நான் பாக்கல."

அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். ஊதுவதை நிறுத்தவில்லை.

"தூங்கிட்டேன். முழிச்சா ஆளில்ல, சட்டையும் இல்ல. பொலிசு வந்து புள்ளைங்கள, ஒன்ன, எல்லாரையும் அள்ளிட்டுப் போவாங்கன்னு பயந்து சொன்னேன்."

ஊதுகுழலைக் கீழே வைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கணக்குப் பார்க்கிற மாதிரி விரலை மடக்கினாள்.

"ஏழு வருஷம்" என்றாள். "ஏழு வருஷமும் நான் தேடியிருப்பேன் மாமா."

கையில் இருந்த லிஸ்டை மடித்தேன். 

"ஜெயில்ல கேட்டிருப்பேன். ஆசுப்பத்திரில கேட்டிருப்பேன். போட்டோவ வச்சுக்கிட்டு ரோடு ரோடா நின்னிருப்பேன். நீங்க என்ன வீட்டுல ஒக்கார வச்சிட்டீங்க."

"பயத்துல..."

"ஒரு நா பயம் சரி. ரெண்டு நா சரி. ஏழு வருஷமா பயந்தீங்க?"

லோஜினி உள்ளே இருந்து வந்து நின்றாள். எல்லாம் கேட்டிருக்கிறது.  அவள் கலியாணமும் அந்தக் கல்லோடுதானே கட்டிக் கிடந்தது. "அம்மா, அப்ப மாப்பிள வீட்டுக்கு என்ன சொல்றது?" என்றாள்.

"அப்பாவத் தேடுறோம்னு சொல்லு. காத்திருக்கிறவங்க காத்திருக்கட்டும்."

பிறகு என்னைப் பார்த்தாள். "வேன நிறுத்த வேணாம். பண்டாரத்தையும் ஒங்களையும் அதுல இருந்து வெட்டுங்க. மத்தவங்க போறோம்."

"நான் வரேன் கலா. அந்தச் சுவத்தையாவது காட்டுறேன்."

"சொவரு எனக்குத் தெரியும். ஒரு வாசலும் கொஞ்சம் சொவரும்தானே. நானா சொன்னாரு."

என் பேரை வெட்டினேன். பேனா தாளைக் கிழித்துவிட்டது.

காலையில் ஆறு மணிக்கு மஷூர் நானா வந்தார். நாலு பேர் ஏறினார்கள். விஜயகலா கலியாணப் போட்டோவைக் கண்ணாடிச் சட்டத்தோடு மடியில் வைத்திருந்தாள். அவனை மட்டும் வெட்டி எடுக்க மனம் வரவில்லை போல. "கன்னையா வரல்லியா?" என்று நானா கேட்டார்.  மீனாம்பாள் என்னைத் திரும்பிப் பார்க்காமல் கதவை இழுத்துச் சாத்தினாள்.

பகல் முழுக்க லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தேன். காற்றே இல்லாமல் இலை விழுந்துகொண்டிருந்தது. மலைக்குள் சருகு மிதிபடுவது கேட்டது. எழுந்து போய், "தம்பி, இருந்தா வந்துரு" என்றேன். மாடு ஒன்று தலையை நீட்டியது. அதற்குப் பின்னால் யாரும் இல்லை.

பொழுது சாயும் முன்னே வேன் வந்தது. நிரோஷன் இறங்கினான், மீனாம்பாள், லோஜினி. கடைசியில் விஜயகலா. கால் முழங்கால் வரை புழுதி. போட்டோ இன்னும் கையில்தான் இருந்தது. என்ன நடந்தது என்று கேட்க நான் வாயைத் திறந்தேன். அவள் என்னைத் தாண்டிப் போய் வேன் ஜன்னலில் கையை வைத்தாள்.

"நானா, நாளைக்கு அவிசாவளைப் பக்கம் போவணும். ஆறு மணிக்கே வந்துருங்க."