சாட்சிக் கையெழுத்து

வீட்டோடு மாப்பிள்ளை என்றால் அப்பாவுக்கு இளக்காரம். தன் மகளைக் கட்டிக்கொண்டு தன் வீட்டிலேயே தங்கிவிட்ட பஸ் டிரைவரை அவர் ஒருநாளும் 'வாங்க' என்று கூப்பிட்டதில்லை. தண்டச்சோறு என்பார், அதுவும் காதில் விழும்படி. டிரைவர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டு டூட்டிக்குப் போய்விடுவான். பார்த்துக்கொண்டிருக்கும் மகளுக்குத்தான் வயிறு எரியும்.

அப்பா படுக்கையில் விழுந்ததும் அவரைத் தூக்கி உட்காரவைத்தது அந்தத் தண்டச்சோறுதான். பீத்துணி அலசியது மகள். முன்னறையில் தையல் மிஷின் ஓட்டிக்கொண்டிருப்பாள், பின்னறையில் இருமல் கேட்டால் போட்டது போட்டபடி ஓடுவாள். வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்த அண்ணன் எப்போதாவது நாலு பழத்தோடு வந்து எட்டிப்பார்ப்பான். கடைசியில் அப்பாவுக்கே மனம் இளகி, வீடு மகளுக்கு, பேங்கில் இருப்பது மகனுக்கு என்று சொல்லிவிட்டார். உயிலை எழுதிக்கொண்டு வந்ததும் அண்ணன்தான். முகம்கூடச் சுளிக்கவில்லை.

"சாட்சிக்கு ரெண்டு பேர் வேணும். எதிர்வீட்டு டீச்சர் ஒண்ணு. இன்னொண்ணு எதுக்கு வெளியாளு? நம்ம மாப்பிள்ளையே போடட்டும்" என்றான்.

அப்பா தலையைத் திருப்பி, "வாங்க மாப்பிள்ளை" என்றார். டிரைவர் ஓடிப்போய் நல்ல சட்டை மாட்டிக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டான். "கடைசியில மாமா என்னை மனுஷனா மதிச்சிட்டாருடி" என்று அன்று முழுக்க அவளிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனான்.

அப்பா போய்ச் சேர்ந்த பிறகு, வக்கீல் உயிலில் சாட்சிக் கையெழுத்து இருந்த இடத்தில் விரலை வைத்து நிமிர்ந்தார். டிரைவர் டூட்டியில் இருந்தான். அவளும் அண்ணனும் மட்டும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

"சாட்சி போட்டது உங்க வீட்டுக்காரராம்மா? நம்ம கிறிஸ்தவங்களுக்கு உள்ள சட்டத்துல சாட்சிக்கும் சரி, சாட்சியோட பொண்டாட்டிக்கும் சரி, எழுதின சொத்து செல்லாது. மிச்சமீதி எல்லாம் மகனுக்குன்னு கடைசியில ஒரு வரி இருக்கு. அப்ப வீடும் அவருக்குத்தான் போகும்." பிறகு அண்ணனைப் பார்த்தார். "ஏய்யா, என்கிட்டயே இத்தனை வருஷம் வேலை பார்க்கிற, இது தெரியாதா உனக்கு?"

"அவசரத்துல கவனிக்கல சார்."

கழுத்தறுக்கிறவன் மாலை போட்டுத்தான் அறுப்பான் போலிருக்கிறது. வாசலில் செருப்பு மாட்டும்போது, "மெதுவா காலி பண்ணு, அவசரமில்ல" என்றான் கூடப்பிறந்தவன். அவள் அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

டிரைவர் வேலை முடிந்து வந்து நின்றதும் நிற்காததுமாக, "வக்கீல் என்ன சொன்னாரு?" என்றான்.

உங்க கையெழுத்துதாங்க நம்மள தெருவுல விட்டிருச்சு. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்த மனுஷனுக்கு இந்த வீட்டில் கிடைத்த மரியாதையே அது ஒன்றுதான், அதுவும் பொறியில் வைத்த தேங்காய்த்துண்டு என்று எந்த வாயால் சொல்வாள்?

"அப்பா ஏமாத்திட்டாருங்க. சொன்னது ஒண்ணு, எழுதுனது ஒண்ணு. வீட்டையும் அண்ணனுக்கே எழுதிட்டாரு."

அவன் சட்டைப் பொத்தானில் வைத்த கையை எடுக்காமல் நின்றான். பிறகு காலியாகக் கிடந்த அந்தக் கட்டிலைப் பார்த்து, "பெத்த மகளுக்கே துரோகம் பண்ணின பாவி. இருந்தும் கெடுத்தான், செத்தும் கெடுத்தான்" என்றான்.

"ஆமாங்க" என்றாள் அவள்.